மடக்கு சைட்டில் எது தாங்கும்: பிளாஸ்டிக்கா, எஃகா, அலுமினியமா?

சிங்கப்பூரில் துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொள்ள நம்மைப் போன்றவர்களுக்கு வழியில்லை. ஆனாலும் என்எஸ் (கட்டாய ராணுவச் சேவை) முடித்த எந்த ஆணைக் கேட்டாலும் சைட் (துப்பாக்கியில் குறி பார்க்கும் உறுப்பு) பற்றிப் பேச அவனிடம் அரை மணி நேரத்துக்கு விஷயம் இருக்கும். அதனால்தானோ என்னவோ, ஹூஸ்டனில் இருக்கும் அக்கா மகன் ஏஆர்-15 ரைஃபிள் ஒன்று வாங்கியதும் என்னைப் பிடித்துக்கொண்டான். மேலே ரெட் டாட் (கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளி காட்டும் பாட்டரி சைட்) போட்டாயிற்று. அது அணைந்துபோனால் கைகொடுக்க, மடக்கி வைக்கக்கூடிய இரும்பு சைட் ஒரு ஜோடி வேண்டும். பாட்டரி இல்லாதது, முன்னால் ஒரு குச்சி, பின்னால் ஒரு துளை; எதில் செய்தாலும் பெயர் இரும்பு சைட்தான். "மாமா, எது உடையாது? அதை மட்டும் சொல்லுங்க."

அவனுக்கு எழுதி அனுப்பியதைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். இதைப் படித்துவிட்டு ஆன்லைனில் ஆர்டர் போட்டு இங்கே வரவழைக்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். 1973-ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டப்படி, அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் ஐந்திலிருந்து பத்து ஆண்டு சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. பாகங்கள் விஷயத்திலும் இங்கே யாரும் விளையாடுவதில்லை. அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவருவதும் அதே கதைதான்.

உறுதி என்றால் என்ன என்பதற்கு என் அளவுகோல் எம்16எஸ்1. உரிமம் வாங்கி இங்கேயே சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் தயாரித்த துப்பாக்கி. அதன் முன் சைட் மடங்காது. குழலின் மேலேயே ஊசி அடித்து இறுக்கிய முக்கோண உலோகத் துண்டு அது. மூன்டன்னர் ராணுவ லாரியில் ஏறும்போது, இறங்கும்போது, பள்ளத்தில் விழும்போது எத்தனை இடி வாங்கினாலும் அது அசைந்து நான் பார்த்ததில்லை. அதில் கெட்டுப்போகக்கூடிய ஒரே இடம் நடுவில் நிற்கும் போஸ்ட் என்ற குச்சி. அடியில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன முளை அதைப் பிடித்திருக்கும். தோட்டாவின் நுனியால் அந்த முளையை அழுத்திக்கொண்டு போஸ்டைத் திருப்ப வேண்டும். ஒரு கிளிக்குக்குக் குண்டு விழும் இடம் 100 மீட்டரில் 2.8 சென்டிமீட்டர் நகரும். மழையில் நனைந்த துப்பாக்கியை அப்படியே ஆர்ம்ஸ்கோட்டில் (ஆயுத அறையில்) போட்டுவிட்டு அடுத்த ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சிக்கு) எடுத்தால், இந்த முளைதான் முதலில் துருவேறி இறுகியிருக்கும். சைட்டின் உடம்பில் ஒரு கீறல்கூட இருக்காது, ஆனால் ஸீரோ வைக்க (குறி பார்க்கும் இடத்திலேயே குண்டு விழும்படி சைட்டைத் திருத்த) முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மடக்கு சைட்டுகளைப் பார்க்க வேண்டும்: கெட்டுப்போவது பெரிய உலோகம் அல்ல, உள்ளே இருக்கும் சின்ன முளை, ஸ்பிரிங், கீல்.

(1999-க்குப் பிறகு என்எஸ்ஸில் எஸ்ஏஆர் 21 துப்பாக்கி கிடைத்த தம்பிகளுக்கு இந்தக் கவலையே இல்லை. கைப்பிடிக்குள்ளேயே 1.5 மடங்கு ஸ்கோப். அதன் தலையில் அவசரத்துக்கு ஒரு குட்டித் திறந்த சைட் உண்டு, ஆனால் அதைப் பார்த்துச் சுட்டவர்கள் குறைவு.)

சரி, கடைக்கு வருவோம். அமெரிக்காவில் இந்தப் பேச்சு எடுத்தால் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் மேக்புல் நிறுவனத்தின் எம்பஸ். உடம்பு முழுக்க பாலிமர், அதாவது பிளாஸ்டிக். மடக்கி வைத்திருக்கும்போது உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும், பக்கத்திலோ மேலேயோ விரலால் தட்டினால் தானாக எழுந்து நிற்கும். ஒரு ஜோடி ஏறத்தாழ 100 அமெரிக்க டாலர். பிளாஸ்டிக் என்றதும் முகம் சுளிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடி விழுந்தால் இது கொஞ்சம் வளைந்துகொடுக்கும், அல்லது மடங்கிக்கொள்ளும், பிறகு எழுந்துவிடும். உலோகம் அதே அடிக்கு வளைந்தால் வளைந்தபடியே நின்றுவிடும். பாலிமருக்கு உண்மையான எதிரி சூடு. வாயு குழலிலிருந்து வெளியேறும் இடத்தில் இருக்கும் காஸ் பிளாக்கின் மேல் இதை மாட்டாதே என்று தயாரிப்பாளரே சொல்கிறார். குழலைச் சுற்றியிருக்கும் முன்பிடியான ஹேண்ட்கார்டின் ரெயிலில் (பாகங்கள் மாட்டும் பட்டையில்) மாட்டினால் பயமில்லை. இன்னொரு குறை, தானாக எழும் வசதியே சில சமயம் தொல்லை. புதருக்குள் நுழையும்போது கிளையோ ஸ்லிங்கோ (தோள்வார்) பட்டால் கேட்காமலே எழுந்து நிற்கும். அதற்குப் பின் வந்த எம்பஸ் 3 இன்னும் தாழ்வாக மடங்குகிறது, இரண்டு பக்கமும் பொத்தான் வைத்திருக்கிறார்கள்.

அதே நிறுவனத்தின் எம்பஸ் ப்ரோ எஃகு. மேல்பரப்பை மெலோனைட் முறையில் கடினமாக்கியிருக்கிறார்கள். மடக்கினால் ரெயிலோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும், ஆப்டிக்குக் (ரெட் டாட், ஸ்கோப்) கீழே ஒளிந்துவிடும். ஸ்பிரிங் தள்ளி எழுப்பாது, நாம்தான் விரலால் நிமிர்த்த வேண்டும். ஒரு முளை அதை நிமிர்ந்த நிலையில் பிடித்துக்கொள்ளும். ஏற்ற இறக்கமும் இடவலமும் கருவி இல்லாமல் விரலாலேயே திருத்தலாம். விலை எம்பஸ் ஜோடியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

மூன்றாவது ட்ராய். அலுமினியத்தில் கடைந்தெடுத்தது. இதன் சிறப்பு பூட்டு: நிமிர்த்தினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும், மடக்கப் பொத்தானை அழுத்த வேண்டும். "பூட்டாத சைட் எப்படி ஸீரோவைக் காப்பாற்றும்?" என்பது ட்ராய் ரசிகர்களின் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டால் கதை மாறுகிறது.

மடக்கு சைட்டின் கீல் முன்னும் பின்னுமாகத்தான் ஆடும். ரெயிலிலிருந்து பார்வைக் கோடு சுமார் 35 மில்லிமீட்டர் உயரம். சைட் இரண்டு டிகிரி பின்னால் சாய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம், கண்ணுக்கே தெரியும் அளவுச் சாய்வு அது. அப்போதும் உயரத்தில் குறைவது 0.02 மில்லிமீட்டர்தான். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே அரை மீட்டர் இருந்தால், 100 மீட்டரில் குண்டு நகர்வது வெறும் 4 மில்லிமீட்டர். இரும்பு சைட்டில் அதை யாராலும் பார்க்க முடியாது. இப்போது அதே கீல் இடவலமாக 0.1 மில்லிமீட்டர் ஆடுகிறது என்று வையுங்கள். 100 மீட்டரில் 2 சென்டிமீட்டர், 300-ல் 6. ஆக, பூட்டு இருக்கிறதா இல்லையா என்பதைவிட, நிமிர்த்திய பின் பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் அசைகிறதா என்பதுதான் கேள்வி. பூட்டின் பயன் வேறு: கை பட்டு, சட்டை பட்டுத் தற்செயலாக மடங்காது. அது வேண்டுமென்றால் ட்ராய் நல்ல சரக்கு. ஆனால் பூட்டிய சைட் அடி வாங்கினால் மடங்கித் தப்பிக்கவும் முடியாது, முழு அடியும் கீலுக்கே போகும். இரண்டில் எந்த ஆபத்து உனக்கு அதிகம் என்று நீயே முடிவுசெய் என்று மருமகனுக்கு எழுதினேன். ஹூஸ்டனில் ரேஞ்சுக்குப் போய் வருகிறவனுக்கு இரண்டுமே பெரிய ஆபத்து இல்லை என்பது என் கருத்து.

நைட்ஸ் ஆர்மமென்ட் மைக்ரோ பற்றிக் கேட்பவர்கள் உண்டு. அழகான வேலை, பின் சைட்டில் 200-லிருந்து 600 மீட்டர் வரை தூரம் வைக்கும் வசதி. பணம் பிரச்சினை இல்லையென்றால் மறுபேச்சில்லை. 100 மீட்டர் ரேஞ்சில் சுடுகிறவனுக்கு அந்த 600 எதற்கு என்பதுதான் புரியவில்லை. மாடெக் பின் சைட் அமெரிக்க ராணுவத்தின் எம்4-ல் வந்தது, அதிலும் அதே 200-600. கரடுமுரடு, நம்பலாம், ஆனால் பருமன். முன் சைட்டைத் தனியாகத் தேட வேண்டும்.

மடங்காத சைட்டையும் விட்டுவிடக் கூடாது. ரெட் டாட் மட்டுந்தான் போடப் போகிறாய் என்றால் மடக்க வேண்டிய அவசியமே இல்லை. கண்ணாடியின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் நிலையான சைட் நின்றுவிட்டுப் போகட்டும். பெரிய ஸ்கோப் என்றால் பின் சைட் கட்டாயம் மடங்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்கோப்பின் பின்பகுதி இடிக்கும். முன் சைட் நிற்கலாம், உருப்பெருக்கத்தில் அது வெறும் மங்கலான நிழலாகிவிடும். உறுதி ஒன்றையே பார்த்தால் என் ஓட்டு, குழலில் ஊசி அடித்த நிலையான முன் சைட்டும் மடக்கும் பின் சைட்டும்தான். ஆனால் மருமகன் வாங்கியது நீளமான ஃப்ரீ ஃப்ளோட் (குழலைத் தொடாத) ஹேண்ட்கார்டு வைத்தது. குழலின் மேல் சைட் வைக்க அதில் இடமில்லை.

இந்த ஹேண்ட்கார்டு விஷயத்தைத்தான் யாரும் பேசுவதில்லை. முன் சைட் ஹேண்ட்கார்டின் நுனியில் நிற்கிறது, குழலோ உள்ளே தனியாகப் போகிறது. ஸ்லிங்கை இறுக்கி இழுத்தாலோ, மணல் மூட்டையில் சாய்த்து அழுத்தினாலோ ஹேண்ட்கார்டு இம்மி வளையும். நுனி அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும், 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர் போய்விட்டது. மேலே சொன்ன கீல் ஆட்டத்தைப் போல ஐந்து மடங்கு! எம்16எஸ்1-ல் சைட் குழலோடு சேர்ந்தே நகர்ந்ததால் இது இவ்வளவு உறைக்கவில்லை. 200 டாலர் சைட்டை வாங்கி, இரண்டு மெல்லிய திருகில் தொங்கும் மலிவு ஹேண்ட்கார்டில் மாட்டுவதைவிட, 100 டாலர் சைட்டை நல்ல ஹேண்ட்கார்டில் மாட்டுவது மேல்.

அப்புறம் துரு. ஹூஸ்டன் புழுக்கம் நமக்குப் புதிதல்ல. இங்கே ஆண்டு முழுக்கச் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். பாலிமர் துருப்பிடிக்காது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது, உள்ளே இருக்கும் போஸ்டும் திருகும் ஸ்பிரிங்கும் உலோகம்தான். அலுமினிய உடம்பு துருப்பிடிக்காது, ஆனால் அதற்குள் ஓடும் எஃகு ஊசியும் உப்பு வியர்வையும் சேர்ந்தால் அரிப்பு ஆரம்பிக்கும். மெலோனைட் செய்த எஃகு சாதாரண பாஸ்பேட் பூச்சைவிட நன்றாகத் தாங்கும், எண்ணெயே வேண்டாம் என்று அர்த்தமில்லை. எதை வாங்கினாலும் கீலிலும் போஸ்டின் முளையிலும் ஒரு சொட்டு விட்டு, நாலைந்து முறை மடக்கி நிமிர்த்தி, வழிவதைத் துடைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் பராமரிப்பு.

கொசு மருந்து பற்றியும் ஒரு வார்த்தை. டீட் கலந்த மருந்து சில பிளாஸ்டிக்கை உருக்கும். கடிகாரக் கண்ணாடி பிசுபிசுத்துப் போனதைக் காட்டில் படுத்தவர்கள் பார்த்திருப்பார்கள். துப்பாக்கிப் பாகங்களில் வழக்கமாக வரும் நைலானை அது ஒன்றும் செய்யாது. என்ன பிளாஸ்டிக் என்றே தெரியாத போலிச் சரக்கில்தான் பிரச்சினை. இந்தச் சந்தையில் போலி ஏராளம். விளையாட்டுத் துப்பாக்கிக்குச் செய்ததை அசல் மாதிரியே அச்சடித்து விற்பார்கள். பாதி விலைக்கு மேக்புல் கிடைத்தால் அது மேக்புல் இல்லை.

கண்ணைப் பற்றி அவன் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். நாற்பதைத் தாண்டினால் முன் போஸ்ட் மங்க ஆரம்பிக்கும். பின் சைட்டில் இருக்கும் சின்னத் துளை வழியாகப் பார்த்தால் போஸ்ட் மறுபடி தெளியும். பெரிய துளை கிட்டத்துச் சூட்டுக்கு, சின்னது துல்லியத்துக்கு. கண்ணாடி வில்லையே இல்லாமல் துளை வழியாகப் பார்த்துச் சுடுவதில் எவ்வளவு துல்லியம் சாத்தியம் என்று சந்தேகப்படுகிறவர்கள் நம் ஊர் ஜாஸ்மின் சேரை நினைத்துக்கொள்ளலாம். 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் பிரிவில் அவர் தங்கம் வாங்கியது உருப்பெருக்கம் இல்லாத சைட்டில்தான். அது போட்டி சைட், நுணுக்கமே வேறு. ஆனால் கண் செய்யும் வேலை ஒன்றுதான்.

மருமகனுக்கு நான் சொன்ன தீர்ப்பு: மாதம் ஒருமுறை ரேஞ்ச், மற்ற நாளெல்லாம் பெட்டகம் என்றால் எம்பஸ் போதும், மிச்சக் காசுக்குத் தோட்டா வாங்கு. பயிற்சி வகுப்புக்கெல்லாம் போய்த் துப்பாக்கியைப் போட்டுப் புரட்டுவாய் என்றால் எம்பஸ் ப்ரோ. பூட்டு இல்லாமல் தூக்கம் வராது என்றால் ட்ராய். காசை மிச்சம் பிடிக்க முன்னால் எஃகு, பின்னால் பாலிமர் என்று கலந்து மாட்டலாமா என்றான். தாராளமாக. இரண்டும் ரெயில் உயரத்துக்குச் செய்தவையா என்று மட்டும் பார்த்துக்கொள். காஸ் பிளாக் உயரத்துக்குச் செய்த முன் சைட்டை ஹேண்ட்கார்டில் மாட்டினால் உயரம் பொருந்தாது, போஸ்டை எவ்வளவு திருகினாலும் ஸீரோ வராது.

கைக்கு வந்ததும் கடைக்காரனின் திருப்பி எடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிட வேண்டும். ரெயில் திருகை இறுக்கி, திருகின் தலையிலிருந்து உடம்புக்கு ஒரு பெயின்ட் கோடு போட்டுக்கொள், தளர்ந்தால் கோடு காட்டிக்கொடுக்கும். ஐந்து குண்டு சுடு. இரண்டு சைட்டையும் பத்து முறை மடக்கி நிமிர்த்து. மறுபடி அதே குறியில் ஐந்து. இதை 25 மீட்டரில் செய்தால் 0.1 மில்லிமீட்டர் ஆட்டம் அரை சென்டிமீட்டராகத்தான் தெரியும், உன் கை நடுக்கத்திலேயே அது மறைந்துவிடும். 100-ல் செய். இரண்டாவது கூட்டம் பக்கவாட்டில் தள்ளி விழுந்தால் ஹேண்ட்கார்டில் கை வைத்து அழுத்தாமல் இன்னொரு முறை சுட்டுப் பார். அப்போதும் தள்ளியே விழுந்தால் சைட்டைக் கழற்றித் திருப்பி அனுப்பிவிடு.