பெயரில்லாத பில்: காலியாக விட்ட ஃபொரின் கீயோடு நான்கு வருடம்

புறக்கோட்டை கெய்சர் வீதியில் ஒரு மொத்தத் துணிக்கடைக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்து நான்கு வருடமாகிறது. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். பில் டேபிளின் ஒவ்வொரு வரியிலும் வாடிக்கையாளர் டேபிளில் உள்ள ஒருவரைச் சுட்டும் எண் ஒன்று உண்டு, அதுதான் ஃபொரின் கீ. கடனுக்கு எடுப்பவரின் பெயர் பில்லில் கட்டாயம் வேண்டும். கைக்காசுக்கு வாங்குபவரிடம் யாரும் பெயர் கேட்பதில்லை.

அந்த எண்ணைக் காலியாக விடப் பயந்து முதலில் ‘காசு வாடிக்கையாளர்’ என்று இல்லாத ஒருவரைச் சேர்த்து, பெயரில்லாத பில்லையெல்லாம் அவர் கணக்கில் போட்டேன். அதிகம் வாங்கியவர்கள் பட்டியலில் எப்போதும் அவரே முதலிடம். ஒவ்வொரு குவெரியிலும் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியிலும்) அவரை விலக்க ஒரு நிபந்தனை. ஆறு மாதத்தில் அவரை எடுத்துவிட்டு அங்கே நல், அதாவது மதிப்பே இல்லை என்ற குறி, வைத்தேன். நல் இருக்கும் வரிக்கு ஃபொரின் கீ சோதனையே நடக்காது. எண் இருந்தால்தான் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று பார்க்கும். எனக்கு வேண்டியதும் அதுதான்.

ஆனால் குவெரி எழுதும் பழக்கம் மாறவேண்டும். இரண்டு டேபிளிலும் பொருந்தும் வரிகளை மட்டும் எடுக்கும் இன்னர் ஜொயின் போட்ட அறிக்கையில் காசு பில் முழுக்க விடுபட்டு, மாதக் கணக்கு லாச்சிக் காசோடு ஒத்துவரவில்லை. பொருந்தாத பில்லையும் விடாமல் எடுக்கும் லெஃப்ட் ஜொயின் போட்டதும் சரி. ஒரு பட்டியலில் இல்லாதவர்களைத் தேடும் நொட் இன் அதைவிட மோசம்: அதை வைத்து இந்த மாதம் எதுவும் வாங்காதவர்கள் யார் என்று கேட்டால், உள் குவெரியில் ஒரேயொரு நல் இருந்தாலும் ஒரு வரியும் வராது, பிழைச் செய்தியும் வராது. அங்கே இப்போது, பொருந்தும் வரி ஒன்றும் இல்லையா என்று மட்டும் பார்க்கும் நொட் எக்ஸிஸ்ட்ஸ்தான்.

என்னை உண்மையில் யோசிக்க வைத்தது லொறி. பில்லிலேயே லொறிக்கும் காலியாக விடக்கூடிய ஒரு கீ வைத்திருந்தேன். சாமான் அனுப்பும் தம்பி ஒருநாள் கேட்டான்: “அண்ணா, லொறி இல்லையெண்டா ஆள் வந்து எடுத்துக்கொண்டு போனதா, இல்லாட்டி இன்னும் லொறி போடேல்லையா?” ஒரே நல்லுக்குள் இரண்டு அர்த்தம். அதனால் மட்டக்களப்புக்குப் போகவேண்டிய இரண்டு கட்டுச் சாரம் நான்கு நாள் கடையிலேயே கிடந்தது. அன்றிரவே விநியோகத்தைத் தனி டேபிளாக்கினேன். அனுப்பவேண்டிய பில்லுக்கு மட்டும் அதில் ஒரு வரி, பில் எண்ணே முதன்மைச் சாவி, அதனால் ஒரு பில்லுக்கு ஒரு வரிக்கு மேல் வராது. வரி இல்லையென்றால் ஆளே எடுத்துப் போயிருக்கிறார். வரி இருந்து லொறி காலியென்றால் இன்னும் போடவில்லை.

வாடிக்கையாளர் கீயைப் பில்லிலேயே விட்டிருக்கிறேன். அங்கே நல்லுக்குக் காசு பில் என்ற ஒரே அர்த்தம்தான். கடன் பில்லில் அது காலியாக இருக்கக்கூடாது என்று தரவுத்தளமே சோதிக்க ஒரு செக் நிபந்தனை போட்டேன். வாடிக்கையாளரை நீக்கினால் அவருடைய பில்லில் தானாக நல் வைக்கும் ஒன் டிலீட் செட் நல்லையும் எடுத்துவிட்டேன், செக் இல்லாவிட்டால் அவருடைய பில்லெல்லாம் காசு பில் போலாகிவிடும். அப்புறம், போஸ்ட்கிரெஸ் ஃபொரின் கீக்குத் தானாக இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) போடாது. நான் நல் இல்லாத வரிகளுக்கு மட்டும் பார்ஷியல் இன்டெக்ஸ் போட்டிருக்கிறேன்.