கோபோடூல்பாக்ஸில் கேள்வித்தாள் அமைப்பது: ஒரு களப்பணியாளரின் மதிப்பீடு

வீடு வீடாகச் சென்று சர்வே எடுப்பவர்களுக்கு கோபோடூல்பாக்ஸ் புதிய பெயர் அன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மனிதநேய ஆய்வுப் பிரிவில் வளர்ந்து, இப்போது இலாப நோக்கமற்ற தனி அமைப்பாக இயங்கும் இந்த மென்பொருளில் கேள்வித்தாளைக் கணினியில் அமைத்து, ஆண்ட்ராய்டு கைபேசியில் இறக்கிக்கொண்டு, சிக்னல் இல்லாத ஊரிலும் பதில்களைப் பதிந்து, பிறகு இணையம் கிடைக்கும் இடத்திலிருந்து அனுப்பலாம். தென்மாவட்டங்களில் குடும்பங்களின் வருமானம், வேலை, கடன் ஆகியவை பற்றிய ஆய்வுகளுக்குச் சில ஆண்டுகளாக இதையே பயன்படுத்தி வருகிறேன். இதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வரைபடத்தையும் இணையமின்றி இயங்கும் வசதியையும் பாராட்டுவார்கள். அவை நியாயமான பாராட்டுகளே. ஆனால் நான் ஒரே ஒரு அளவுகோலால் இதை நிறுக்க விரும்புகிறேன்: நம்பத்தக்க பதிலைப் பெற்றுத் தரும் கேள்வியை அமைக்க இந்தக் கருவி எவ்வளவு தூரம் துணை நிற்கிறது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிவாகும் பதிலை இது மிக நன்றாகக் காவல் காக்கிறது. கேள்வியில் இருக்கும் கோளாறு இதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனினும் அந்தக் கோளாறு நம் காதில் விழும்படி செய்யும் இரண்டு வசதிகள் இதில் உள்ளன. பலர் அவற்றைத் தொடுவதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

காவல் என்று சொன்னதை முதலில் பார்ப்போம். காகிதப் படிவத்தில் ‘இல்லை என்றால் 23ஆம் கேள்விக்குச் செல்க’ என்று அச்சிட்டிருப்போம். மத்தியான வெயிலில் திண்ணையில் உட்கார்ந்து எழுதும் களப்பணியாளர் அதைத் தவறவிட்டால், மாடே இல்லாத வீட்டில் எத்தனை லிட்டர் பால் கறந்தது என்ற பதில் வந்து நிற்கும். கோபோவில் எந்தக் கேள்வி யாருக்கு என்று முன்கூட்டியே விதித்துவிட்டால் தேவையற்ற கேள்வி திரையிலேயே தோன்றாது. ஆறு வயதுப் பிள்ளைக்குப் பட்டப்படிப்பு என்று பதிய முயன்றால் நாமே எழுதி வைத்த எச்சரிக்கை வந்து தடுக்கும். ஒரே படிவத்தில் தமிழையும் ஆங்கிலத்தையும் வைத்துக்கொண்டு வேண்டியபோது மாற்றிக்கொள்ளலாம். இவையெல்லாம் எக்செல் தாளில் எழுதி ஏற்றக்கூடியவை என்பதால், கேள்வித்தாளின் ஒவ்வொரு திருத்தத்தையும் குழுவாக உட்கார்ந்து வரிவரியாகப் படிக்க முடிகிறது. கூகுள் ஃபார்ம்ஸ் போன்றவற்றிலிருந்து இங்கே வருபவர்கள் முதலில் உணரும் வேறுபாடு இதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் இந்தக் காவலில் ஒரு ஆபத்தும் உண்டு. எல்லாக் கேள்விக்கும் ‘கட்டாயம்’ என்று குறித்துவிட்டு, ‘தெரியாது’, ‘சொல்ல விருப்பமில்லை’ என்ற இரண்டையும் தராமல் விட்டால், பதில் இல்லாத இடத்தில் களப்பணியாளர் ஏதாவது ஒன்றை இட்டால்தான் அடுத்த திரைக்கே போக முடியும். கையில் கிடைக்கும் தரவு ஒரு கட்டம்கூடக் காலியில்லாமல் அழகாக இருக்கும். அதில் எது சொன்னது, எது இட்டு நிரப்பியது என்று பின்னால் யாராலும் பிரிக்க முடியாது. வயது 0 முதல் 110 வரை என்று எல்லை வகுத்தாலும், தன் வயதைச் சரியாக அறியாத ஒருவர் ‘ஒரு அம்பது இருக்கும்’ என்று சொல்வதை அந்த எல்லை தடுக்காது. நம் நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வயது அட்டவணைகளில் 0இலும் 5இலும் முடியும் வயதுகள் அளவுக்கு மீறிக் குவிந்திருப்பது இந்தப் பழக்கத்தின் தடம்தான்.

கேள்வி எங்கே பிசகுகிறது என்பதை எனக்குத் தெளிவாகக் காட்டியது தென்காசிப் பக்கம் ஒரு வீட்டில் நடந்த முன்சோதனை. எங்கள் குழுவைச் சேர்ந்த இளம்பெண் படிவத்தில் உள்ளபடியே, “அம்மா, போன ஏழு நாளில் நீங்கள் ஏதாவது வேலை செய்தீர்களா?” என்று கேட்டார். “வேலைக்கெல்லாம் போகல தாயி, வீட்டுலதான் சும்மா இருக்கேன்” என்றார் அந்த அம்மா. அவர் மடியில் சுளகு இருந்தது. சுளகில் வெட்டிய பீடி இலையும் தூளும் இருந்தன. பதில் சொல்லும்போதும் விரல்கள் நிற்கவில்லை, ஒரு பீடியைச் சுற்றி முனையை மடக்கி நூலால் கட்டிக்கொண்டிருந்தன. எங்கள் பெண் தயங்கி என்னைப் பார்த்தார், பிறகு ‘இல்லை’ என்பதைத் தொட்டார். அந்த ஒரு தொடுதலில் வேலை தொடர்பான பதினான்கு கேள்விகள் மறைந்து, படிவம் நேரே கடன் பகுதிக்குத் தாவியது. கருவி தன் வேலையைக் குறைவின்றிச் செய்தது. ‘வேலை’ என்ற சொல் அந்த ஊரில் வீட்டைவிட்டு வெளியே போய்ச் சம்பளம் வாங்குவதை மட்டும் குறிக்கிறது என்பது எங்களுக்குத்தான் தெரியாமல் போயிற்று. தாவல் விதி எவ்வளவு வசதியோ அவ்வளவு கொடுமையும் ஆகும்: வாசலில் நிற்கும் கேள்வி தவறாக இருந்தால் வீடு முழுவதும் பூட்டிக்கொள்கிறது.

இது புதிய சிக்கல் அன்று. பெண்களின் உழைப்பு கணக்கில் வராமல் போகிறது என்ற குறையைத் தீர்க்கவே, 1991ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலை பற்றிய கேள்வியுடன் ‘குடும்ப நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ கூலியின்றிச் செய்யும் வேலை உட்பட’ என்ற பொருள் தரும் தொடரைச் சேர்த்தார்கள். நாங்கள் ‘வேலை’ என்ற சொல்லையே வாசல் கேள்வியிலிருந்து எடுத்துவிட்டோம். வயற்கூலி, பீடி சுற்றுதல், பூக் கட்டுதல், ஆடு மாடு பார்த்தல், நூறு நாள் திட்டம், கடை என ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று பதிகிறோம். பட்டியலை மொத்தமாக வாசித்து ‘இவற்றில் எதெல்லாம்’ என்று கேட்கும் பல்தேர்வு வடிவமும் கோபோவில் உண்டு, அது விரைவானது. ஆனால் வாசித்துக் கேட்கும் நேர்காணலில் நடுவில் உள்ளவை காற்றில் போய்விடுகின்றன. தனித்தனியாகக் கேட்டால் நேரம் கூடும், பதிலும் கூடும்.

நினைவைக் கேட்கும் கேள்விகளில் கருவி உண்மையாகவே கைகொடுக்கிறது. எத்தனை நாளை நினைத்துச் சொல்லச் சொல்கிறோம் என்பது சிறிய விஷயம்போலத் தெரியும். தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு 1999-2000இல் நடத்திய 55ஆம் சுற்றில், உணவுச் செலவை 30 நாள் கணக்கிலும் 7 நாள் கணக்கிலும் பக்கத்துப் பக்கத்து நிரல்களில் ஒரே வீட்டில் கேட்டார்கள். அதற்கு முந்தைய சோதனைச் சுற்றுகளில், 7 நாள் கணக்கு கேட்கப்பட்ட வீடுகளில் செலவு கூடுதலாகவும் 30 நாள் கணக்கு கேட்கப்பட்ட வீடுகளில் குறைவாகவும் வந்திருந்தன. இரண்டையும் அருகருகே வைத்ததும் இரு பதில்களும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு நெருங்கிவிட்டன. இந்தச் செலவுக் கணக்கை வைத்துத்தான் வறுமையை அளந்தார்கள். அதனால் 1993-94இல் 36 விழுக்காடாக இருந்த வறுமை 26 விழுக்காடாக இறங்கியது என்று வந்த கணக்கில் எவ்வளவு உண்மையான குறைவு, எவ்வளவு கேள்வித்தாளின் விளைவு என்று பொருளியலாளர்கள் பல ஆண்டுகள் வாதிட நேர்ந்தது. இரண்டு நிரல்களை எங்கே அச்சிடுவது என்ற ஒரு முடிவு, ஒரு நாட்டின் ஏழைகளின் எண்ணிக்கையையே சந்தேகத்துக்கு உள்ளாக்கியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் படபடப்பு வருகிறது.

கோபோவில் இன்றைய தேதியிலிருந்து ஏழு நாள் பின்னோக்கிக் கணக்கிட்டு அந்தத் தேதியைக் கேள்விக்குள்ளேயே தோன்றச் செய்யலாம். ‘கடந்த ஏழு நாட்களில்’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதற்கும், ‘இம்மாதம் 9ஆம் தேதியிலிருந்து நேற்று வரை’ என்று கேட்பதற்கும் வேறுபாடு பெரியது. முந்தைய பதிலில் சொன்ன பெயரை அடுத்த கேள்விக்குள் கொண்டுவருவதும் இவ்வாறே. ‘உங்கள் இரண்டாவது பிள்ளை’ என்பதற்குப் பதிலாகப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேட்டால் தாய் யோசிக்காமல் பதில் சொல்கிறார். ஓர் ஆண்டுக் கணக்கைக் கேட்கும்போது மட்டும் தேதியைவிடப் பொங்கலும் ஆடியும் கோயில் கொடையும்தான் உதவுகின்றன. அவற்றைக் களப்பணியாளருக்கான குறிப்பு வரியில் எழுதி வைக்கலாம்.

சொற்களைப் பொறுத்தவரை கருவியிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. அமெரிக்காவில் 1992இல் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில், யூதர்களை நாஜிகள் கொன்றொழித்தது ‘நடக்கவே இல்லை என்பது சாத்தியம் என்று தோன்றுகிறதா, சாத்தியமில்லை என்று தோன்றுகிறதா’ என்று இரட்டை எதிர்மறையில் கேட்டார்கள். 22 விழுக்காட்டினர் ‘சாத்தியம்’ என்றார்கள், நாடே அதிர்ந்தது. 1994இல் கேள்வியை நேராக்கிக் கேட்டபோது அந்த அளவு ஏறத்தாழ ஒரு விழுக்காடாகிவிட்டது. தமிழில் இந்தப் பள்ளம் இன்னும் ஆழம். ‘உங்கள் வீட்டில் கழிப்பறை இல்லையா?’ என்று கேட்டால் ‘ஆமா’ என்பார்கள். அந்த ‘ஆமா’ இல்லை என்பதையும் குறிக்கலாம், இருக்கிறது என்பதையும் குறிக்கலாம். இரண்டு கேள்விகள் ஒன்றாக ஒட்டிக்கொள்வதும் நம் மொழியில் ஒரு ‘உம்’முக்குள் ஒளிந்துகொள்ளும்: ‘குடிநீரும் சாலையும் திருப்தியாக இருக்கின்றனவா?’ தண்ணீர் வருகிறது, சாலை இல்லை என்பவர் என்ன சொல்வார்? படிவத்தை ஏற்றுவதற்கு முன் எக்செல் தாளில் ஒவ்வொரு ‘உம்’மையும் ஒவ்வொரு ‘இல்லை’யையும் தேடிப் பார்த்து அதன் அருகே நின்று யோசிப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது.

‘முற்றிலும் உடன்படுகிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை விடைகளை அடுக்கும் ஐந்து நிலை அளவுகோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்படி எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. அதற்குப் பதிலாகச் சிலர் ‘நன்று, பரவாயில்லை, மோசம்’ என்று வைக்கிறார்கள். ‘பரவாயில்லை’ என்ற சொல் ஒருவர் வாயில் ‘நன்றாகவே இருக்கிறது’ என்றும், இன்னொருவர் வாயில் ‘சுமார்தான்’ என்றும், மூன்றாமவர் வாயில் ‘போகட்டும், விடுங்கள்’ என்றும் பொருள்படும். நடுவில் வைக்க இதைவிட நம்பகமற்ற சொல் கிடையாது. தாவல் விதியின் துணையோடு முதலில் ‘நல்லா இருக்கா, நல்லா இல்லையா’ என்றும், பிறகு ‘ரொம்பவா, கொஞ்சமா’ என்றும் இரண்டு படிகளாகக் கேட்டதில் எங்களுக்கு உறுதியான பதில்கள் கிடைத்தன.

விடைகளின் வரிசையைக் கலைக்கும் வசதி எக்செல் வழியாக உண்டு. ஆனால் ‘மற்றவை’, ‘தெரியாது’ ஆகியவையும் சேர்ந்தே கலைந்துவிடுவதால் அவற்றைத் தனிக் கேள்வியாக்க வேண்டியிருக்கிறது. கேள்விகளின் வரிசை அதைவிட முக்கியமானது. 1948இல் அமெரிக்காவில் நடந்த சோதனையில், கம்யூனிஸ்ட் நாட்டுச் செய்தியாளர்களைத் தங்கள் நாட்டுக்குள் விடலாமா என்று முதலில் கேட்டபோது 36 விழுக்காட்டினர் விடலாம் என்றார்கள். அமெரிக்கச் செய்தியாளர்களை ரஷ்யா அனுமதிக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு இதைக் கேட்டபோது 73 விழுக்காட்டினர் விடலாம் என்றார்கள். கடன் பற்றிய கேள்விகளை முன்னால் வைத்துவிட்டு வருமானத்தைக் கேட்டால் எங்கள் ஊர்களிலும் பதில் சுருங்குகிறது.

இனி நான் முதலில் குறிப்பிட்ட இரண்டு வசதிகள். ஒன்று, ஒவ்வொரு கேள்வியிலும் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதைப் பின்னணியில் பதியும் தணிக்கைப் பதிவு. மூன்று வரிக் கேள்வி நான்கு நொடியில் கடக்கப்பட்டிருந்தால் அது முழுதாக வாசிக்கப்படவில்லை என்று தெரிந்துவிடும். எல்லாக் களப்பணியாளர்களும் ஒரே கேள்வியில் ஒரு நிமிடம் தேங்கினால் குறை அவர்களிடம் இல்லை, கேள்வியில் இருக்கிறது. மற்றொன்று, நேர்காணலின் பின்னணி ஒலிப்பதிவு. பதிலளிப்பவரிடம் தெளிவாகச் சொல்லி அனுமதி பெற்ற பிறகே இதை இயக்க வேண்டும். முன்சோதனை முடிந்து திருத்தங்கள் செய்ததும் கோப்புகளை அழித்துவிட வேண்டும். குடும்ப வன்முறை போன்ற கேள்விகள் இருக்கும் படிவத்தில் இதைப் பயன்படுத்தவே கூடாது. தேசியக் குடும்பநல ஆய்வில் வன்முறை பற்றிய பகுதியைத் தனிமை கிடைக்காவிட்டால் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பது இங்கே நினைவில் இருக்க வேண்டும்.

அந்தப் பதிவுகளைக் கேட்டபோதுதான், படிவத்தில் உள்ள சொற்களை எங்கள் பணியாளர்கள் ஐவரும் ஐந்து விதமாக மாற்றிக் கேட்டிருந்தது தெரிந்தது. ‘நிலுவைக் கடன்’ என்று நான் எழுதியதை ஒருவர் ‘இன்னும் கட்ட வேண்டிய பாக்கி’ என்றும், இன்னொருவர் ‘வட்டிக்கு வாங்கினது’ என்றும் கேட்டிருந்தார். இரண்டாமவருடைய பதிவுகளில் உறவினரிடம் வாங்கிய கைமாற்று ஒன்றுகூட இல்லை. முதலாமவர் கேட்ட சொற்களையே படிவத்தில் ஏற்றினேன். அவை என்னுடையவற்றைவிட நல்லவை.

செலவைப் பொறுத்தவரை, சிறிய ஆய்வுக்குக் கட்டணமில்லாக் கணக்கே போதும். மாதத்துக்கு இத்தனை பதிவுகள், இவ்வளவு சேமிப்பிடம் என்ற வரம்பு உண்டு. ஒலிப்பதிவு சேமிப்பிடத்தை விரைவில் தின்றுவிடும் என்பதால் அந்த வரம்பைக் களத்துக்குப் போகும் முன்பே தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐபோனுக்குத் தனிச் செயலி கிடையாது, உலாவி வழியே நிரப்பலாம். களப்பணி நடுவில் படிவத்தைத் திருத்தினால் பழைய பதிவுகள் அழிவதில்லை. தரவை இறக்கும்போது எல்லாப் பதிப்புகளையும் சேர்க்கும் தெரிவைக் குறித்துக்கொண்டால் போதும்.

புதிதாக இதைத் தொடங்குபவர்கள் ஒரு வாரக் களப்பணிக்குத் திட்டமிட்டிருந்தால், முதல் இரண்டு நாளை முன்சோதனைக்கு ஒதுக்கி, பத்து வீடுகளை ஒலிப்பதிவோடு முடித்து, மாலையில் குழுவாக உட்கார்ந்து அவற்றைக் கேட்டு, மூன்றாம் நாள் காலையில் திருத்திய படிவத்தைக் கைபேசிகளில் இறக்கிக்கொண்டு கிளம்புங்கள். தென்காசியில் நாங்கள் அப்படித்தான் செய்தோம். பீடி சுற்றிய அந்த அம்மாவின் வீட்டுக்கு மூன்றாம் நாள் மறுபடியும் போனோம். மறைந்துபோயிருந்த பதினான்கு கேள்விகளுக்கும் அவரிடம் பதில் இருந்தது.