நொம்மே யுனைடெட்டா, கல்யுவா?

எஸ்டோனியத் தலைநகர் தாலினின் நொம்மே பகுதியில் இரண்டு கால்பந்து கிளப்புகள். கோப்பை வேண்டுமென்றால் நொம்மே கல்யுதான். 2012, 2018 என இரண்டு முறை எஸ்டோனிய சாம்பியன். 2013-இல் ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ஹெல்சிங்கியின் பெரிய கிளப்பான எச்ஜேகேவையே வெளியேற்றியது.

நொம்மே யுனைடெட் 2004-இல் தொடங்கியது. பெரியவர்கள் அணியைவிட சிறுவர் பயிற்சிக்குத்தான் அதற்குப் பெயர். கோல்கீப்பர் கார்ல் ஹெய்ன் இங்கே வளர்ந்து, 2018-இல் நேராக இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப்புக்குப் போனார். 2022-இல் இங்கிலாந்து லீக் கோப்பையில் பிரைட்டனுக்கு எதிராக ஆர்சனலின் கோலையும் காத்தார். கிளப்பின் பெரியவர்கள் அணியோ 2024-இல்தான் எஸ்டோனியாவின் உச்ச டிவிஷனை எட்டிப் பார்த்தது. அதாவது, வளர்த்த பையன் முந்திக்கொண்டான்!

மாலை ஆட்டம் பார்க்க கல்யு சரி. பத்து வயதுப் பிள்ளையைச் சேர்க்க, என் ஓட்டு யுனைடெட்டுக்கு.