பழைய சிங்கருக்கு 550 வாட் சர்வோ மோட்டார்: தோல் தைப்பவரின் மதிப்புரை

எங்கள் ஆம்பூர் பட்டறையில் தோல் பைகளும் பெல்ட்டுகளும் தைக்க ஓடுவது சிங்கர் 111டபிள்யூ155 தையல் மெஷின். அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட்டில் செய்த மெஷின். ஊசியும், தோலை மேலிருந்து அழுத்தும் இரண்டு கால்களும் சேர்ந்து தோலை நகர்த்துவதால் மேல் தோல் ஒரு பக்கம், லைனிங் ஒரு பக்கம் என்று விலகாது. இந்தத் தலைக்கு, அதாவது மேசைக்கு மேலே இருக்கும் மெஷினுக்கு, ஈடாக இன்றைய விலையில் புதிதாக ஒன்று வாங்க எனக்கு மனமும் இல்லை, பணமும் இல்லை. தொல்லை கொடுத்தது மேசைக்கு அடியில் இருந்த அரை ஹெச்பி கிளட்ச் மோட்டார்தான்.

கிளட்ச் மோட்டார் சுவிட்சைப் போட்டதும் நிமிடத்துக்கு 1440 சுற்றில் ஓடத் தொடங்கிவிடும். நாம் மிதிப்பது அந்த ஓட்டத்தைத் தலைக்குக் கொடுப்பதற்கு மட்டும். பெல்ட் ஓடும் சக்கரங்களான புல்லிகளால் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும் முழுதாக மிதித்தால் வினாடிக்கு 12 தையல் விழும். துணிக்கு அது சரி. பையின் மூலையில் வளைத்துத் திருப்பும்போது கூடுதலாக ஒரு தையல் விழுந்தால் தோலில் ஓட்டை நிரந்தரம். துணி மாதிரி பிரித்துத் தைக்க வழியே கிடையாது. கைதேர்ந்தவர்கள் கிளட்சைப் பாதி மிதியில் பிடித்து மெதுவாக ஓட்டுவார்கள். புதிதாக வரும் பையன்களிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

அதனால் 550 வாட் பிரஷ்லெஸ் சர்வோ வாங்கினேன், மிதித்தால் மட்டும் சுற்றும் மோட்டார் இது. ஆறாயிரத்துக்குள் முடிந்தது. பழைய மோட்டாரைத் தாங்கிய மூன்று போல்ட் ஓட்டைகளிலேயே இதுவும் உட்கார்ந்தது. மேசையில் புதிதாகத் துளை போடவில்லை. தூக்கிப் பார்த்தால் எடையும் பழையதைவிட ரொம்பக் குறைவு. மோட்டாரையும் தலையையும் இணைக்கும் பெல்ட்டை மட்டும் அளவு பார்த்து மாற்றினேன். நடுவில் விரலால் அழுத்தினால் அரை இஞ்ச் இறங்கும் அளவு தளர்வு போதும். இறுக்கிக் கட்டினால் பேரிங் தேயும். தலையின் சக்கரத்தின் மேல்பக்கம் நம்மை நோக்கிச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் ஓடினால் கண்ட்ரோல் பெட்டியில் ஒரு செட்டிங் எண்ணை மாற்றினால் போதும். கூடவே வந்த கையேட்டில் அந்த எண்ணைத் தேடிப் பிடிப்பதுதான் சிரமம், எழுத்து அவ்வளவு பொடி.

முதலில் தெரிந்த மாற்றம் சத்தம்தான். மிதிக்காதபோது மோட்டார் சுற்றுவதே இல்லை. பட்டறையில் ஒருவரோடு ஒருவர் சாதாரணக் குரலில் பேச முடிகிறது. காலில் படும் சூடும் இல்லை. அதிகபட்ச வேகத்தை டயலில் கட்டிவைத்துவிடலாம் என்பதால் புதுப் பையனையும் தைரியமாக உட்கார வைக்கலாம்.

இனி குறை. இதை விற்கிறவர்கள் சொல்வதில்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன். மிகக் குறைந்த வேகத்தில் இந்த மோட்டாருக்குக் குத்தும் பலம் போதவில்லை. 3 மில்லி எருமைத் தோல் இரண்டு மடிப்பு, 23 நம்பர் ஊசி, டெக்ஸ் 135 தடிமன் நைலான் நூல் என்று பெல்ட் தைக்கும்போது ஊசி தோலைத் தொட்டதும் நின்று முனகும். பழைய கிளட்ச் மோட்டாரில் கனமான சக்கரம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டமே ஊசியை உள்ளே தள்ளிவிடும். சர்வோவில் அது இல்லை.

வழி புல்லியில் இருக்கிறது. மோட்டாரில் இருந்த 75 மில்லி புல்லியை எடுத்துவிட்டு 45 மில்லி போட்டதில் பாதி சரியானது. மீதிக்கு, மோட்டாருக்கும் தலைக்கும் நடுவில் 150 மில்லி பெரிய புல்லியும் 50 மில்லி சின்னப் புல்லியும் ஒரே தண்டில் சேர்த்து ஒரு ரெடியூசர் வைத்தோம். லேத் பட்டறையில் கடைந்து கொடுத்தார்கள். வேகம் மூன்றில் ஒரு பங்காக இறங்கும், தள்ளும் பலம் கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். இப்போது அதே எருமைத் தோலில் பெருவிரல் அழுத்தத்தில் ஒவ்வொரு தையலாகப் போட முடிகிறது. இந்தச் சுகத்துக்காகவே செலவு செய்யலாம். நீளமான லைனிங் ஓட்டும்போது வேகம் போதவில்லை என்று தோன்றும். தோல் வேலைக்கு அது பெரிய இழப்பில்லை.

ஊசியை எப்போதும் கீழே நிறுத்தும் பொசிஷனரையும் சேர்த்து வாங்குங்கள். மூலையில் ஊசி தோலுக்குள் நின்றால்தான் காலைத் தூக்கித் திருப்ப முடியும். ஒரு விஷயம் கவனம்: சில மோட்டார்களில் ஊசியின் இடத்தை அறியும் சென்சார் மோட்டாருக்குள்ளேயே இருக்கும். மோட்டாரும் தலையும் ஒரே சுற்றில் ஓடினால்தான் அது வேலை செய்யும். ரெடியூசர் வைத்தால் ஊசி எங்கே நிற்கும் என்று சொல்லவே முடியாது. தலையின் சக்கரத்தில் மாட்டும் தனி சென்சாராகக் கேட்டு வாங்க வேண்டும். பழைய சிங்கரில் அதைப் பிடித்து நிறுத்த இடம் இல்லாததால் ஒரு இரும்புப் பட்டையை வளைத்து அடிக்க வேண்டியிருந்தது.

மோட்டார் வாங்கும் முன் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். கனமாக இருந்தால் எல்லா எண்ணெய்த் துளைகளிலும் எண்ணெய் விட்டு லேசாக்கிய பிறகு வாங்குங்கள். இந்தத் தலையில் தானாக எண்ணெய் ஏற்றும் பம்ப் கிடையாது. செருப்பு ரிப்பேர் செய்யும் சிங்கர் 29கே வைத்திருப்பவர்கள் இந்தச் செலவுக்குப் போக வேண்டாம். அதன் பாபின் சின்னது, வேலையும் ஒட்டுப்போடும் வேலை. கையால் சுற்றுவதே அதற்குப் பொருத்தம். 111 போன்ற, கால்களும் சேர்ந்து தோலை நகர்த்தும் வாக்கிங் ஃபுட் தலை இருந்தால் சர்வோ, சின்னப் புல்லி, ரெடியூசர், தனி சென்சார் நான்கையும் ஒரே பட்ஜெட்டில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள்.