டிபிஎஸ் பேலா செயலி: ஐந்தில் நான்கு நட்சத்திரம்

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு மளிகைக் கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை வாடிக்கையாளர்கள் பலர் டிபிஎஸ் வங்கியின் பேலா செயலியில்தான் ஸ்கேன் செய்கிறார்கள். ஒரு கட்டுக் கறிவேப்பிலைக்குச் சில்லறை தேடும் தொல்லை ஒழிந்தது. கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவின் இந்தியன் வங்கிக் கணக்குக்கும் இதிலேயே பணம் அனுப்புகிறேன். 2023 பிப்ரவரி 21 அன்று சிங்கப்பூரின் உடனடிப் பணப்பரிமாற்ற அமைப்பான பேநவும் இந்தியாவின் யூபிஐயும் இணைந்தபோது, இங்கிருந்து முதலில் சேர்ந்த வங்கி டிபிஎஸ். பணம் சேர்ந்ததும் அம்மா போனில் கூப்பிட்டுவிடுவார்.

செயலி நன்றாக இருப்பதற்குக் காரணம் வங்கியின் தலைமையில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். 2009-இல் பியூஷ் குப்தா தலைமைச் செயல் அதிகாரியாக வந்தபோது, வாடிக்கையாளர் சேவையில் டிபிஎஸ் பின்தங்கிக் கிடந்தது. அவர் மாற்றத்தைக் கணினிப் பிரிவின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கவில்லை. வெளி நிறுவனங்களிடம் விட்டிருந்த தொழில்நுட்ப வேலையைப் பெருமளவு வங்கிக்குள் கொண்டுவந்தார். மூத்த அதிகாரிகளைப் புதுநிறுவன இளைஞர்களோடு ஹேக்கத்தான் எனும் குறுகிய கால மென்பொருள் உருவாக்கும் போட்டிகளில் உட்கார வைத்தார். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு வேறொன்று: ஒவ்வொரு சேவைத் தளத்துக்கும் வணிகப் பக்கத்திலிருந்து ஒருவர், தொழில்நுட்பப் பக்கத்திலிருந்து ஒருவர் என இருவர் கூட்டாகப் பொறுப்பு. பழுது வந்தால் "அது அவர்கள் வேலை" என்று எவரும் கைகழுவ முடியாது. 2016-இல் யூரோமணி இதழ் உலகின் சிறந்த டிஜிட்டல் வங்கி விருதை டிபிஎஸ்ஸுக்கு அளித்தது.

ஆனாலும் 2023-இல் சேவை மீண்டும் மீண்டும் முடங்கியது. அக்டோபர் 14, சனிக்கிழமை, தரவு மையத்தின் குளிரூட்டும் அமைப்பு பழுதாகி, செயலியும் ஏடிஎம்களும் மறுநாள் வரை தடுமாறின. வங்கிகளைக் கண்காணிக்கும் சிங்கப்பூர் நாணய ஆணையம், அவசியமற்ற கணினி மாற்றங்களை ஆறு மாதம் நிறுத்தும்படி உத்தரவிட்டது. அந்த ஆண்டுக்கான குப்தாவின் ஊக்க ஊதியத்தில் 30 சதவீதம், அதாவது 41.4 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வெட்டப்பட்டது. மற்ற உயர் அதிகாரிகளின் ஊக்க ஊதியமும் குறைந்தது. சேவை நின்றதற்கான விலையை மேலே இருப்பவர்களே கொடுத்ததால்தான் இந்த வங்கியின் மீது எனக்கு மதிப்பு கூடியது. கடைநிலைப் பொறியாளர் ஒருவரைப் பலிகொடுத்து முடித்திருந்தால் கணக்கையே மூடியிருப்பேன்.

2025 மார்ச் முதல் டான் சு ஷான் தலைமைச் செயல் அதிகாரியாக இருக்கிறார். தடையில்லாத சேவையை அவர் தம் நேரடிப் பொறுப்பாகவே வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நட்சத்திரத்தை 2023-க்காகவே குறைத்திருக்கிறேன். கடைக்காரர்கள் தயங்காமல் இதைப் பயன்படுத்தலாம். ஆனால் சேவை முடங்கினால் கைகொடுக்க, கல்லாவில் வேறொரு வங்கிக் கணக்கின் குறியீட்டையும் ஒட்டி வையுங்கள்.