புண் ஆறிய பின் தொடங்கிய வேலை: சாட்ஸ்வொர்த்தில் ஓர் இயன்முறைச் சிகிச்சை நிலையம்

கடந்த ஆண்டு ஆடி வெள்ளியன்று, மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சி இறக்கும்போது அண்டா சாய்ந்து, என் தாயாரின் வலது புறங்கையிலிருந்து முழங்கைக்குச் சற்றுக் கீழ் வரை கொதிக்கும் கூழ் கொட்டிவிட்டது. வெந்நீர் என்றால் பட்டவுடன் வழிந்தோடிவிடும். கூழோ தோலில் அப்பிக்கொண்டு, தன்னிடமுள்ள சூட்டையெல்லாம் உள்ளே இறக்கிய பிறகுதான் விலகும். அந்தக் கை மீண்டும் மடங்குவதற்காக ஆறு மாதம் சென்றுவந்த இயன்முறைச் சிகிச்சை நிலையத்தைப் பற்றியே இந்த மதிப்புரை. அதன் குறைகளையும் எழுதப்போவதால் பெயரைக் குறிப்பிடவில்லை. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் தென்பகுதியான சாட்ஸ்வொர்த்தில் உள்ளது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். தீக்காயத் தழும்பைப் பார்க்கும் இடம் எது என்று விசாரித்தால், அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பேராவது இதைத்தான் காட்டுவார்கள்.

முதலுதவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. அன்று குழாயில் தண்ணீர் இல்லை. எங்கள் பகுதியில் அது அதிசயமும் இல்லை. டிரம்மில் பிடித்து வைத்திருந்த நீரை மொண்டு மொண்டு 20 நிமிடம் கையில் ஊற்றினோம். கை வீங்குவதற்கு முன்பே மோதிரத்தையும் வளையல்களையும் கழற்றிவிட்டோம். பற்பசை தடவு, மஞ்சள் போடு, முட்டையின் வெள்ளைக்கரு நல்லது என்று நான்கு பக்கமிருந்தும் யோசனைகள் வந்தன, ஒன்றையும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தம் காரில் வைத்திருந்த பர்ன்ஷீல்ட் என்னும் ஈரக்கட்டைக் கொண்டுவந்தார். நம் நாட்டிலேயே தயாராகும் பொருள் அது. பெரும்பகுதி நீராலான கூழ்மத்தில் தேயிலை மர எண்ணெய் கலந்து துணியில் ஊறவைத்திருப்பார்கள். அதைச் சுற்றிக்கொண்டுதான் மருத்துவமனைக்குப் போனோம். பிற்பாடு சிகிச்சையாளர் சொன்ன முதல் வாக்கியமே, அந்த 20 நிமிடத் தண்ணீர்தான் விரல் நரம்புகளின் பக்கம் சூடு போகாமல் காப்பாற்றியிருக்கலாம் என்பதுதான்.

காயம் ஆழமானது. மூன்று வாரத்துக்குள் தானாக மூடாது என்று கண்டதும் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்துப் புறங்கையில் ஒட்டினார்கள். ஒட்டுத் தோல் நன்றாகப் பிடித்தது. தொடைப் புண்ணும் இரண்டு வாரத்தில் காய்ந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டென்பதால் நாங்கள் பயந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில், புண் ஆறிவிட்டது, இனிக் கட்டுப் போட வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் பாயசம் வைத்தோம். புண் ஆறுவதும் கை குணமாவதும் வேறு வேறு என்பதை எங்களுக்கு அன்று யாரும் சொல்லவில்லை. அடுத்த மூன்று வாரத்தில், தட்டையாக இருந்த தோல் சிவந்து தடித்தது. விரல் முட்டிகள் பின்பக்கமாக இழுபட்டன. அரிப்பினால் இரவெல்லாம் தூக்கம் போயிற்று. சாதத்தைப் பிசைய முடியாமல் அம்மா கரண்டியைக் கேட்ட நாளில்தான் எங்களுக்கு உறைத்தது.

நம் நாட்டில் இயன்முறைச் சிகிச்சையாளரைப் பார்க்க மருத்துவரின் கடிதம் கட்டாயமில்லை என்பது பலருக்குத் தெரியாது. நேராகத் தொலைபேசியில் அழைத்து நேரம் வாங்கினேன். மூன்று அறைகளும் ஒரு சிறு கூடமும் கொண்ட இடம் அது. ஒருபுறம் இயன்முறைச் சிகிச்சை, மறுபுறம் அன்றாட வேலைகளை மீண்டும் செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சை. கையை ஒரே நிலையில் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்டும் தழும்பை அழுத்தி வைக்கும் கையுறையும் பெரும்பாலும் இரண்டாவது துறையினரின் வேலை என்பதால், இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது எங்களுக்கு ஓர் அலைச்சலை மிச்சப்படுத்தியது.

முதல் அமர்வு ஏறக்குறைய முழுவதும் அளப்பதிலேயே கழிந்தது. ஒவ்வொரு மூட்டும் எத்தனை பாகை மடங்குகிறது, எத்தனை பாகை நீள்கிறது என்று கோனியோமீட்டரை வைத்துக் குறித்தார்கள். சுட்டுவிரல் முட்டி 35 பாகைக்கு மேல் மடங்கவில்லை. பிடிமானக் கருவியில் இடக்கை 19 கிலோ காட்டிய இடத்தில் வலக்கை 4 கிலோ காட்டியது. தழும்பைப் பார்த்து நான்கு வகையில் மதிப்பெண் இட்டார்கள்: நிறம், இரத்த ஓட்டம், வளைந்துகொடுக்கும் தன்மை, உயரம். வான்கூவர் அளவுகோல் என்று அதற்குப் பெயர். 0 என்றால் இயல்பான தோல், 13 என்றால் மிக மோசம். அம்மாவுக்கு 9 கிடைத்தது. நம்மைப் போன்ற கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது என்பதால் விரலால் அழுத்தி, நிறம் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்ததையும், அந்தப் பிரச்சினையைத் தாமாகவே எடுத்துச் சொன்னதையும் இங்கே குறிப்பிட வேண்டும். இதை வேறெங்கும் நான் கேட்டதில்லை.

கை எப்படி வைத்தால் வலிக்கவில்லையோ, அப்படியே வைத்திருக்கத்தான் யாரும் விரும்புவார்கள். ஆனால் அந்தச் சுகமான நிலையில்தான் தழும்பு கையை இழுத்துப் பிடித்துப் பூட்டிவிடுகிறது. தழும்புக்குள் இருக்கும் உயிரணுக்களுக்குத் தசையைப் போலச் சுருங்கும் குணம் உண்டு; மாதக்கணக்கில் அவை சுருங்கிக்கொண்டே இருக்கும், ஓர் ஆண்டு, சில சமயம் இரண்டு ஆண்டு கூட. எனவே அதற்கு எதிர்த்திசையில் கையை நிறுத்துவதற்காக ஒரு ஸ்பிளின்ட் செய்தார்கள்: மணிக்கட்டு சற்றுப் பின்னோக்கி வளைந்தும், விரல் முட்டிகள் இயன்ற மட்டும் மடங்கியும், விரல்கள் நேராகவும் இருக்கும்படி. வெந்நீரில் போட்டால் இளகும் ஒருவகைத் தகட்டை எடுத்து, சற்று ஆறவிட்டு, துணி சுற்றிய கையின் மேலேயே வளைத்து வடிவம் கொடுத்தார்கள். ஆவி பறக்கும் தொட்டியைப் பார்த்ததும் அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அந்தச் சிகிச்சையாளர் அவசரப்படவில்லை. தகட்டை முதலில் தம் கன்னத்தில் வைத்துக் காட்டி, பிறகு அம்மாவின் இடக்கையில் வைத்து, அதன் பிறகே வலக்கைக்கு வந்தார்.

வாரம் இரண்டு அமர்வுகள். அமர்வுக்கு அரை மணி முன்பு வலி மாத்திரை போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். முதலில் வாசனை சேர்க்காத களிம்பு தடவி, கட்டைவிரலால் தழும்பு வெளுக்கும் அளவுக்கு அழுத்தி, வட்டமாகவும் குறுக்காகவும் பிசைவார்கள். தோல் முழுவதும் மூடிய பிறகுதான் இதைச் செய்யலாம், சிறு கொப்புளம் இருந்தாலும் அந்த இடத்தை விட்டுவிடுவார்கள். அதன் பின் நீட்டல். வலிக்கும் வரை நீட்டி, அங்கேயே நிறுத்தி, எண்ணுவது. எங்களுக்கு வாய்த்தவர் சூலு இனத்தைச் சேர்ந்த ஓர் இளம்பெண். அம்மா ஒவ்வொரு முறையும் "மடக்கு, நீட்டு" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்வதைக் கேட்டு, மூன்றாம் வாரம் முதல் அவரே "ஆன்ட்டி, மடக்கு" என்று ஆரம்பித்துவிட்டார். ஒன்றிலிருந்து பத்து வரை தமிழில் எண்ணவும் கற்றுக்கொண்டார். எட்டில் மட்டும் கடைசி வரை தடுக்கினார்.

இருந்தாலும், கை மடங்கியதற்கு அந்த இரண்டு அமர்வுகளை விட, வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய வேலைதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு நாளும் ஐந்து வேளை, வேளைக்குப் பத்து நிமிடம். அதை ஒரு தாளில் படமாக வரைந்து கொடுத்தார்கள்; அடுத்த முறை வரும்போது அந்தத் தாளில் குறியிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார்கள். குறி இல்லாத வாரத்தில் அளவு குறைந்திருப்பதை அம்மாவின் கண் முன்னே அளந்து காட்டினார்கள். திட்டவில்லை. அந்த ஒரு முறை போதுமானதாக இருந்தது.

சிலிகோன் ஏடு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் அதில்தான் கரைகிறது. ஒளிபுகும், ரப்பர் போன்ற மெல்லிய ஏடு அது. தழும்பின் மேல் ஈரம் ஆவியாகாமல் காத்து, அதை மிருதுவாக்குகிறது. நாளொன்றுக்குக் குறைந்தது 12 மணி நேரம் இருக்க வேண்டும்; தினமும் சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, ஓரிரு வாரமல்ல, மாதக்கணக்கில் பயன்படுத்த வேண்டும். ஓர் ஏடு சில வாரங்களில் ஒட்டும் தன்மையை இழந்துவிடும். முதல் வாரம் அம்மாவுக்கு வேர்க்குரு போலத் தடித்தது. இரண்டு மணி நேரத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டிய பிறகு சரியாயிற்று. கேப் டவுனிலிருந்து உலகெங்கும் போகும் பயோ ஆயிலையே தடவலாமே என்று உறவினர் பலர் கேட்டார்கள். தோலை மென்மையாக வைத்திருக்கவும் பிசைவதற்கும் எண்ணெய் எதுவானாலும் உதவும். தடித்த தீக்காயத் தழும்பைத் தட்டையாக்கும் வேலையை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது என்பது நான் கேட்டறிந்தது, கண்டதும்கூட.

அழுத்தக் கையுறைதான் எங்களுக்கு மனக்கசப்பைத் தந்த பகுதி. இறுக்கமான மீள்துணியில், கையின் ஒவ்வோர் அங்குலத்தையும் அளந்து தைக்க வேண்டியது. குளிக்கும் நேரமும் உடற்பயிற்சி நேரமும் போக நாளுக்கு 23 மணி நேரம் அணிய வேண்டியது. ஒன்றைத் துவைக்கும்போது மற்றொன்றைப் போட இரண்டு வேண்டும்; துணி தளர்ந்துவிடுவதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக அளக்கவும் வேண்டும். அக்டோபர் நடுவில் அளவு எடுத்தவர்கள், நவம்பர் இறுதியில்தான் முதல் கையுறையைக் கொடுத்தார்கள். தழும்பு வேகமாக வளரும் காலத்தில் ஆறு வாரம் என்பது சிறிய தாமதமல்ல. வந்த கையுறையும் சுண்டுவிரல் இடுக்கில் தளர்வாக இருந்தது. திருத்தி வர மேலும் பத்து நாள். அந்த இடுக்கில்தான் இன்றும் தோல் சவ்வு போல ஏறியிருக்கிறது. தையல் வெளியே நடப்பதால் தாமதம் என்றார்கள். அதை முதல் நாளே சொல்லியிருந்தால் நாங்கள் வேறு இடத்தில் தைத்திருப்போம். டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் அதை அணிந்துகொண்டு தைப்பூசக் காவடிக்கு நின்ற அம்மாவின் பொறுமையைப் பற்றி நான் தனியாக எழுதலாம்.

டிசம்பரில் மெழுகுக் குளியல் ஆரம்பித்தது. உருகிய மெழுகில் கையை முக்கி எடுத்து, மேலே துணி சுற்றி, இதமான சூட்டில் தோல் இளகியதும் நீட்டல் செய்வது. அந்த மெழுகுக்கு அவர்கள் சொன்ன பெயர் பாரஃபின். இந்நாட்டில் பாரஃபின் என்றால் மண்ணெண்ணெய். அந்த அடுப்பு கவிழ்ந்து வெந்தவர்களை அறியாத குடும்பம் இங்கே அரிது. அம்மா மிரண்டதில் வியப்பில்லை. மெழுகு 50 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கும் என்றும், ஒட்டுத் தோலுக்குச் சூடு உணரும் சக்தி குறைவென்பதால் முதலில் மறு கையில்தான் சோதிப்பார்கள் என்றும் விளக்கிய பிறகு ஒப்புக்கொண்டார். பிற்பாடு அதுவே அவருக்கு மிகவும் பிடித்த பத்து நிமிடமாகிவிட்டது. லேசர் சிகிச்சையும் உண்டு, தனிக் கட்டணம் என்று வரவேற்பில் ஒருமுறை சொன்னார்கள். அது எங்களுக்கு அவசியமா என்று சிகிச்சையாளரைக் கேட்டபோது, அந்தப் பணத்துக்கு இன்னொரு சிலிகோன் ஏடு வாங்குங்கள் என்றார். அவர் மேல் நம்பிக்கை உறுதியானது அந்தப் பதிலில்தான்.

கட்டணம் அமர்வுக்கு 620 ராண்ட். மெடிக்கல் எய்ட் என்னும் மருத்துவக் காப்புத் திட்டத்தின் சேமிப்புக் கணக்கு நவம்பரிலேயே தீர்ந்துபோனதால் டிசம்பர் முழுவதும் கைப்பணம் கட்டினோம். ஜனவரியில் கணக்கு மீண்டும் திறந்தது. கட்ட இயலாதவர்களிடம், அரசு மருத்துவமனைகளிலும் இத்துறைகள் இருக்கின்றன, காத்திருப்பு நீளமென்றாலும் சென்று பதிந்துகொள்ளுங்கள் என்று இவர்களே சொல்லி அனுப்புவதைக் கேட்டிருக்கிறேன்.

மார்ச் மாத அளவுகள்: சுட்டுவிரல் முட்டி 75 பாகை, பிடிமானம் 14 கிலோ, தழும்பு மதிப்பெண் 4. சாதம் பிசைய முடிகிறது. முறுக்கு உழக்கை அழுத்த இன்னும் முடியவில்லை. வெயிலில் போகும்போது தழும்பு கறுக்காமல் இருக்க 50 எண் கொண்ட வெயில் காப்புக் களிம்பும், இரவில் ஸ்பிளின்டும் தொடர்கின்றன. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். குறைத்த ஒன்று முழுக்கவும் கையுறைக்கு.

போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை காலையில் தொலைபேசியை யாரும் எடுப்பதில்லை, செவ்வாயன்று அழையுங்கள். முன்வாசலில் நான்கு படிகள் உள்ளன. நடக்கச் சிரமப்படுபவர்களைப் பின்பக்கச் சரிவு வழியாக அழைத்துச் செல்லலாம். களிம்பை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், அங்கே விற்பது இரு மடங்கு விலை.