பெருநாள் முடிந்தும் ஓடிய மீட்டர்: கிளவுட்டோடு நாலு வருடம்

கல்முனையில் செருப்புக் கடை வைத்திருக்கும் கூட்டாளி போன கிழமை கேட்டான்: "மச்சான், நீ நாலு வருசமாக் கிளவுட்டில இருக்காய். நானும் மாறவா?" கிளவுட் என்றால் வேறெங்கோ இருக்கும் கம்ப்யூட்டரை இணையம் வழியாக வாடகைக்கு எடுப்பது. பதில் சொல்லத் தொடங்கி ஏச்சில் முடிந்ததால் இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

நான் ஏறாவூரிலிருந்து மருதமுனைக் கைத்தறிச் சேலையும் சாரமும் இணையத்தில் விற்கிறேன். வருடத்தில் பதினொரு மாதம் வெப்சைட்டை ஓட்டும் கம்ப்யூட்டராக ஒரு சின்னச் சேர்வரே தாராளம். நோன்புப் பெருநாளுக்கு முந்திய பத்து இரவுகளில்தான் கூட்டம். கடை மூலையில் கிடந்த பழைய மெஷின் அந்த நேரம் பார்த்துப் படுத்துவிடும். இப்போது கிளவுட்டில் நெரிசல் கூடினால் இன்னொரு சேர்வர் தானாக எழும்புகிறது, குறைந்தால் தானாகப் போகிறது. முதல் வருடம் அதைப் பார்த்துக்கொண்டே ஸஹர் வரை விழித்திருந்தேன். 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டு வந்தபோது கடை இருட்டு, வெப்சைட் சிங்கப்பூரில் ஓடிக்கொண்டிருந்தது. லண்டனில் இருக்கும் மாமி அந்த இருட்டில்தான் மூன்று சேலை எடுத்தா.

சரி, இனி ஏச்சு. பில் டொலரில் வரும். அந்த மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. 30 டொலர் பில் 6,000 ரூபாயிலிருந்து 10,800 ஆனது. நான் ஒரு சேலைகூடக் கூடுதலாக விற்கவில்லை. அதைக்கூட மன்னிப்பேன். ஆனால் பெருநாள் முடிந்து சேர்வர் போன பிறகும் அதோடு ஒட்டியிருந்த டிஸ்க், அதாவது தரவு சேமிக்கும் இடம், போகவில்லை. "அதையும் அழி" என்ற பெட்டியில் புள்ளடி போட்டிருக்க வேண்டுமாம். ஐந்து மாதம் வெறும் டிஸ்க்குக்கு வாடகை கட்டினேன். பெருப்பதற்கு என்னிடம் கேட்காத கிளவுட்காரன், சிறுப்பதற்கு மட்டும் அனுமதி கேட்கிறான்!

கூட்டாளிக்கு இதெல்லாம் தேவையே இல்லை. வெறும் சேர்வர் எடுப்பது வயலைக் குத்தகைக்கு எடுப்பது போல: உழவு, விதைப்பு, காவல் எல்லாம் நம் தலையில். ஆள் கணக்கில் மாதக் காசு கட்டும் ரெடிமேட் கணக்கு மென்பொருள் சோற்றுப் பார்சல். அவனுக்கு அது போதும். நான்கூடக் கடன் கொப்பியைக் கடைக் கம்ப்யூட்டரில்தான் வைத்திருக்கிறேன். மார்கழி மழையில் இணையம் போனாலும் யார் எவ்வளவு தரவேண்டும் என்று தெரிய வேண்டுமே.

"வெறும் சேர்வருக்கு மாறாதே" என்றுதான் அவனிடம் சொன்னேன். நேற்று இரவு பெருநாளுக்காக என் சேர்வர் உச்சவரம்பை மூன்றிலிருந்து ஐந்தாக்கினேன். புள்ளடியை இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான்.